பைன் கன்றின் வேரைக் கழுவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்னியில் பொன்சாய், அதாவது சாடியில் குறுக்கி வளர்க்கும் மரம், வளர்க்கும் ஆர்வம் கூடிவருவது மகிழ்ச்சி. ஆனால் நாற்றுமேடையில் இருந்தோ மலைநாட்டுப் பயணத்தின்போதோ வாங்கிவரும் பைன் கன்றுகள் சாடி மாற்றிய சில மாதங்களில் பட்டுப்போகின்றன. வெக்கை தாங்காத மரம் என்று பழி வெயிலின் மேல் விழுகிறது. பெரும்பாலும் உண்மைக் காரணம் சாடி மாற்றிய அந்த ஒரு மணி நேரத்திலேயே இருக்கிறது. ஆலங்கன்றுக்குச் செய்வதைப் பைனுக்கும் செய்கிறார்கள். பையைக் கிழித்து, குழாயடியில் வைத்து மண் முழுவதையும் கழுவி, வேரைக் கட்டையாக வெட்டி, தட்டைச் சாடியில் நட்டுவிடுகிறார்கள். ஆலும் அரசும் இதைத் தாங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து நாளில் துளிர்க்கும். பைன் தாங்காது.

ஏன் தாங்காது என்பதற்கு விடை அந்தப் பழைய மண்ணில் இருக்கிறது. பையைக் கழற்றி வேர்க்கட்டியின் ஓரத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். வேர் நுனிகள் கட்டையாக, கவர் விட்டுக் கவர் விட்டு நிற்கும். அவற்றைச் சுற்றிப் பஞ்சு இழை போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும். முகர்ந்தால் மழைக்குப் பின் காளான் முளைத்த இடத்தின் மணம் வரும். வேர் அழுகல் என்று நினைத்து இதைத்தான் பலர் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது நோயல்ல. பைன் வேரோடு கூட்டு வாழும் பூஞ்சணம். மண்ணில் உள்ள நீரையும் பொசுபரசையும் வேருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, இலை செய்த சீனியில் தன் பங்கைப் பெறுகிறது. அழுகிய வேர் என்றால் கறுத்து, விரலால் இழுத்ததும் தோல் உரிந்து வரும், நாற்றமும் அடிக்கும். இரண்டையும் மூக்கே பிரித்துச் சொல்லிவிடும்.

வன்னி மண்ணில் பைன் இயற்கையாக வளர்ந்ததில்லை. பாலையும் முதிரையும் வீரையும் நின்ற காடு இது. ஆகவே பைனுக்கு ஏற்ற பூஞ்சணம் எங்கள் வளவு மண்ணில் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கன்றோடு பையில் வந்த மண்தான் அதற்கு உள்ள முதல். பைன் இல்லாத நாடுகளில் தோட்டம் போட்டவர்கள் இதைப் பட்டுத்தான் அறிந்தார்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் 1950களில் பைன் நாற்றுகள் மஞ்சளித்துக் குட்டையாகவே நின்றன. பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகே அவை வளரத் தொடங்கின. அப்படியிருக்க, கையில் உள்ள ஒரு பிடி நல்ல மண்ணைக் குழாயடியில் ஓடவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

கன்று உண்மையில் பைன்தானா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பைனின் ஊசியிலைகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாகச் சேர்ந்து, அடியில் கபில நிறக் கடதாசி போன்ற உறைக்குள் ஒரு கற்றையாக நிற்கும். சவுக்கில் ஊசி போலத் தெரிவது இலையல்ல, கணுக்கணுவான மெல்லிய கிளை. இரு விரலால் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும், கழன்ற இடத்தில் பல்லுப்பல்லாகச் சிறு செதில்கள் தெரியும். நத்தார் மரம் என்று விற்கப்படும் அரோக்கேரியாவில் கிளைகள் தட்டுத்தட்டாகச் சுற்றி வரும், இலைகள் ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். மூன்றுக்கும் வேர் வேலை வேறு வேறு.

மலைநாட்டுச் சரிவுகளில் அரசு நட்ட பைன் பெரும்பாலும் கரிபியன் பைன். அதன் ஊசி 15 முதல் 25 சென்ரிமீற்றர் வரை நீளும். அவ்வளவு நீள ஊசியோடு ஒரு சாண் மரம் செய்தால் துடைப்பக்கட்டு போலத்தான் இருக்கும். அதை 60 சென்ரிமீற்றருக்குக் குறையாத மரமாகத் திட்டமிடுங்கள். கறுப்புப் பைன் என்று அழைக்கப்படும் யப்பானியக் கடற்கரை மரம் இரண்டு ஊசிக் கற்றை உடையது, வெக்கையை ஓரளவு தாங்கும். ஐந்து ஊசி உள்ள வெள்ளைப் பைன் குளிர்காலம் இல்லாமல் நிலைக்காது, அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். வெளிநாட்டு உறவினர்கள் பயணப்பெட்டியில் விதையும் கன்றும் கொண்டுவருவதும் நடக்கிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாடு இது. தாவரம் கொண்டுவர அனுமதி எடுக்க வேண்டும். அது தேவையற்ற கெடுபிடி அல்ல, ஒரு பூச்சியோ நோயோ உள்ளே வந்தால் திருப்பி அனுப்ப வழியில்லை.

காலம் பற்றி. வெளிநாட்டுக் குறிப்புகளில் பங்குனி மாதம் என்று இருக்கும். அது குளிர்காலம் முடியும் நாடுகளுக்கான கணக்கு. இங்கே பங்குனியில் வேரைத் தொட்டால், வேர் பிடிக்க முன்னரே சித்திரை வெயில் தலைக்கு மேல் வந்துவிடும், பின்னால் சோளகக் காற்றும் வரும். வன்னிக்கு ஏற்றது மார்கழி நடுப்பகுதியில் இருந்து தைப்பொங்கல் வரையான காலம். கார்த்திகை அடைமழை தணிந்திருக்கும், இரவு குளிர்ந்திருக்கும், காற்றில் ஈரம் இருக்கும். வேருக்கு மூன்று மாத அவகாசம் கிடைக்கும். அதோடு மொட்டையும் பாருங்கள். மொட்டு பருத்திருக்க வேண்டும், ஆனால் மெழுகுதிரி போல நீண்டு ஊசி பிரியத் தொடங்கியிருக்கக் கூடாது. குருத்து ஓடும் நேரத்தில் மரம் சேமித்ததை மேலே செலவழிக்கிறது. அப்போது வேரையும் வெட்டினால் இரண்டு பக்கமும் கடன்.

அடுத்தது கலவை. யப்பானிய அக்கடாமா மண் தேடி அலைய வேண்டாம். பைனுக்கு வேண்டியது நீர் உடனே வடிந்து, பருக்கைக்குள் ஈரமும் பருக்கைகளுக்கு இடையில் காற்றும் நிற்கும் கலவை. அது இங்கேயே செய்யலாம். 1 லீற்றர் கொள்ளும் பேணியால் அளந்து, உடைத்த செங்கல் அல்லது ஓடு 5 பேணி, பருமணல் அல்லது கருங்கல் பொடிச்சல்லி 3 பேணி, கழுவிய தும்புத் துண்டு 1 பேணி, அந்தக் கன்றின் பையில் இருந்தே உதிர்த்த பழைய மண் 1 பேணி. 30 சென்ரிமீற்றர் அகலமும் 12 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள சாடிக்கு இது போதும், கொஞ்சம் மிஞ்சும்.

பருக்கை அளவில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கால் அங்குலக் கண் வலையில் விழ வேண்டும், அரைக்கால் அங்குலக் கண்ணில் தங்க வேண்டும். சுமார் 3 முதல் 6 மில்லிமீற்றர். அதற்குக் கீழே உள்ள தூளை எல்லாம் கழித்துவிடுங்கள். தூள் நீரோடு இறங்கிச் சாடியின் அடியில் சேறாகப் படியும், வேர் அழுகல் அங்கேதான் தொடங்கும். பருமணலுக்காக ஆற்றங்கரைக்குப் போகத் தேவையில்லை. வீடு கட்டும் இடத்தில் பூச்சு வேலைக்கு மேசன்மார் மணல் அரிப்பார்கள். அரிதட்டில் தங்கி, அவர்கள் ஒதுக்கி எறியும் பரல்தான் எங்களுக்கு வேண்டியது. கேட்டால் சும்மா தருவார்கள்.

செங்கல்லில் இரண்டு சோதனை உண்டு. ஒன்று, உடைத்த துண்டை இரவு முழுக்க நீரில் ஊறவிட்டுக் காலையில் பெருவிரலால் நசித்துப் பாருங்கள். குழைந்தால் வேகாத கல், ஒரு மாரியில் களியாகிவிடும். இரண்டாவது வினாகிரி. பழைய கட்டட இடிபாட்டில் எடுத்த கல்லில் சீமெந்தோ சுண்ணாம்போ ஒட்டியிருக்கும். சில துளி வினாகிரி விட்டால் நுரைத்துப் பொங்கும். பொங்குவதைத் தூர எறியுங்கள். சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலும் இப்படியே பொங்கும். பைன் புளிப்புச் சாயல் உள்ள மண்ணை விரும்பும் மரம். சுண்ணாம்பு கூடினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பழைய ஊசி பச்சையாகவே இருக்க, புதிய ஊசி மட்டும் மஞ்சளாக வரும். அதைப் பசளைக் குறை என்று நினைத்து மேலும் பசளை போடுவது பயன் தராது.

சாடியின் அடியில் ஓட்டுத் துண்டோ பெருங்கல்லோ பரப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நீர் வடியும் என்ற எண்ணத்தில் செய்வது. நடப்பது நேர்மாறு. பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றை நீரில் தோய்த்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதையே நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி நீர் வடியும். உயரம் கூடினால் வடியும், உயரம் குறைந்தால் தங்கும். மண்ணும் அந்தப் பஞ்சு போலத்தான். அடியில் கல் போட்டால் மண்ணின் உயரம் குறைந்து, ஈரப்படை வேரின் பக்கம் மேலே வருகிறது. முதல் தடவையே இரண்டு விரற்கடை ஆழமுள்ள அழகுச் சாடியில் பைனை வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பயிற்சிக் காலத்துக்குச் சுட்ட மண்சாடியே நல்லது. அதன் சுவர் ஈரத்தை ஆவியாக்கி வேரைக் குளிர வைக்கும். கறுப்புப் பிளாஸ்ரிக் எங்கள் வெயிலில் தொட முடியாமல் சுடும், சுவரோரம் உள்ள வேர் அவிந்துபோகும். அடியில் 2 சென்ரிமீற்றர் அகலத்தில் குறைந்தது நான்கு துளை வேண்டும். துளைக்கு மேல் நுளம்பு வலைத் துண்டு வைத்து, நகராதபடி கம்பியால் முடக்கிவிடுங்கள்.

இனி வேலை. முதல் நாள் மாலை கன்றுக்கு நீர் ஊற்றுங்கள். மறுநாள் மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. காய்ந்திருந்தால் நுண்வேர் மண்ணோடு அறுந்து போகும். பழைய மண் தவிர்ந்த கலவை, சாடி, கம்பி, கத்தரி எல்லாம் தயாராக வைத்துவிட்டே பையைக் கிழிக்க வேண்டும். நிழலில், காற்றுப் படாத இடத்தில் இருந்து செய்யுங்கள். ஈரச் சாக்கு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். செய்யாத பக்கத்தை அதனால் மூடி வைக்கலாம்.

கீழே தொடங்க வேண்டாம், மேலே தொடங்குங்கள். நாற்றுமேடைக் கன்றின் தண்டு பெரும்பாலும் 3 முதல் 5 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் புதைந்தே இருக்கும். மூங்கில் குச்சியால் மேல்மண்ணைக் கிளறிக் கிளறி, தண்டு விரிந்து முதல் பெருவேர்கள் புறப்படும் இடம் தெரியும் வரை போங்கள். பொன்சாயின் அழகில் பாதி அந்த விரிவில் இருக்கிறது. வழியில் தண்டில் இருந்து தனியாகத் தொங்கும் நூல்வேர்களைக் கத்தரிக்கலாம். ஆனால் தண்டைச் சுற்றிக் கயிறு போல முறுக்கிய வேர் இருந்தால் இப்போதே கவனியுங்கள். சிறியதென்றால் வெட்டுங்கள். பெருவிரல் மொத்தம் என்றால் எதிர்ப்பக்கத்தில் வேறு நல்ல வேர் உண்டா என்று பார்த்த பின்னரே வெட்டுங்கள்.

அடுத்து அடி. பையின் அடியில் வேர் பாய் போலப் பின்னிச் சுருண்டிருக்கும். அந்தப் பின்னலை மட்டும் வாளால் நேராக அறுத்து எடுங்கள். ஆணிவேர் நேரே இறங்கினால், அதற்கு மேலே போதிய பக்கவேர் உண்டென்றால் மட்டும் அந்த மட்டத்தில் வெட்டுங்கள். பக்கவேர் ஒன்றிரண்டுதான் என்றால் பாதி நீளம் குறைத்து, மீதியை அடுத்த தடவைக்கு விடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். தேங்காயை இரண்டாக உடைப்பது போல, தண்டின் நடுவால் ஒரு கோடு போனதாக எண்ணிக்கொள்ளுங்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் உள்ள மண்ணை மட்டும் தண்டு வரை முழுவதும் எடுக்க வேண்டும். மறுபக்கம் பையில் இருந்தபடியே இருக்கட்டும், அதில் குச்சி கூடப் படக் கூடாது. எடுக்கும் பக்கத்திலும் நீரைப் பீய்ச்சிக் கழுவாமல், தண்டில் இருந்து வெளிநோக்கிக் குச்சியால் வாரி எடுங்கள். முள்ளுக்கரண்டியின் பல்லை வளைத்துக்கொண்டாலும் நல்ல கருவி. உதிரும் மண்ணில் வெள்ளை இழை உள்ளதை ஒரு பேணி தனியே எடுத்து ஈரமாக வையுங்கள், அதுதான் கலவைக்குப் போவது. வேர்களைக் கைவிசிறி போல விரித்து, மிக நீண்டவற்றையும் கீழ்நோக்கித் தடித்தவற்றையும் கூர்க்கத்தரியால் குறையுங்கள். வெட்டுவாய் கீழே பார்க்கட்டும். அடியில் அறுத்ததையும் சேர்த்து, மொத்த வேரில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

முழு மண்ணையும் எடுத்தால் ஒரே தடவையில் வேலை முடிந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. தொடாத பாதிதான் அந்த மூன்று மாதமும் மரத்துக்கு நீர் கொடுக்கிறது. அதில் உள்ள பூஞ்சணம்தான் புதுக் கலவைக்குள் நடந்து போகிறது.

சாடியில் கலவையைச் சிறு மேடாகப் போட்டு, மேட்டின் மேல் மரத்தை வைத்து இடமும் வலமுமாகத் திருகி அமர்த்துங்கள். வேர் விரிவு சாடி விளிம்பின் மட்டத்தில் இருக்க வேண்டும். துளை வழியே முன்கூட்டியே கோத்த 2 மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியை வேர்க்கட்டியின் மேலால் எடுத்து முறுக்கிக் கட்டுங்கள். வேரில் கம்பி படும் இடத்தில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு வையுங்கள். கட்டிய பின் தண்டைப் பிடித்து அசைத்தால் சாடியும் சேர்ந்து அசைய வேண்டும். மரம் மட்டும் ஆடினால் கட்டு போதாது. வாடைக் காற்றில் தண்டு ஆடும் ஒவ்வொரு தடவையும், தலைநீட்டிய புதுவேர் நுனி அறுந்துபோகும். கட்டாமல் விட்ட மரம் மாதக்கணக்கில் வேர் விட முயன்றுகொண்டே இருக்கும்.

மிச்சக் கலவையைப் போட்டு, குச்சியால் வேருக்கு இடையில் குத்திக் குத்தி இறக்குங்கள். இனி இறங்காது என்னும் வரை குத்துங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் அங்குள்ள வேர் காய்ந்துவிடும். கையால் அமுக்க வேண்டாம். பூவாளியால் நீர் ஊற்றுங்கள். முதலில் செங்கல் சிவப்பாகக் கலங்கி வடியும், தெளிந்து வடியும் வரை ஊற்றுங்கள்.

அன்றைக்கு மரத்தின் மேல்பாகத்தைத் தொடாதீர்கள். வேரைக் குறைத்தோம், கிளையையும் குறைப்போம் என்பது மற்ற மரங்களுக்கான நியாயம். பைன் வேரை மீண்டும் வளர்ப்பது அந்த ஊசியிலைகள் செய்யும் உணவால்தான். அத்தோடு, ஊசி இல்லாத பழங்கட்டையில் இருந்து பைன் துளிர்ப்பது அரிது. பச்சை ஒன்றும் விடாமல் வெட்டிய கிளை செத்த கிளை. கம்பி சுற்றுதல், குருத்துக் கிள்ளுதல், ஊசி பறித்தல் எல்லாம் அடுத்த வருடத்து வேலை. உடனே உருவம் பார்க்க விரும்புகிறவர்கள் சவுக்கங்கன்று எடுங்கள். காரைநகர் கசூரினா கடற்கரையில் உப்புக் காற்றில் நிற்கும் அதே மரம். வேர் வெட்டைத் தாங்கும், கட்டையிலும் துளிர்க்கும், தூரத்தில் பைன் போலவே தெரியும். இந்தோனேசியாவிலும் தாய்வானிலும் அதில் மிகச் சிறந்த பொன்சாய்கள் செய்கிறார்கள். வன்னிக்கு உகந்த மரம் எது என்று கேட்டால் எங்கள் விடை சவுக்குத்தான்.

சாடி மாற்றிய பைனை மூன்று நான்கு கிழமை காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். காற்றுப் பக்கம் ஒரு கிடுகு மறைப்புப் போதும். தரையில் வைத்தால் கறையான் துளை வழியே ஏறும், புளொக் கல்லின் மேல் வையுங்கள். ஆறு கிழமைக்குப் பசளை வேண்டாம். மேற்பரப்பு காயத் தொடங்கியதும் நிறைய ஊற்றுங்கள், காயும் வரை மறுபடி ஊற்ற வேண்டாம். வாடிவிடுமோ என்ற பயத்தில் மூன்று நேரமும் நீர் ஊற்றியே பலர் கொல்கிறார்கள். வெட்டிய வேர் குறைவாகத்தான் குடிக்கும். ஊசிகளுக்கு வேண்டுமானால் காலையும் மாலையும் மென்மையாக நீர் தெளிக்கலாம்.

கேத்தலின் உட்புறம் வெள்ளைப் படை பிடிக்கும் கிணற்று நீர் உள்ள வீடுகளில் மழைநீர் சேர்ப்பது அவசியம். இந்த அளவுச் சாடிக்கு ஒரு தடவைக்கு 1 லீற்றர் கணக்கு வைத்தால், மாரியில் கூரையில் இருந்து நிரப்பிய 200 லீற்றர் பரல் ஒன்று கோடை முழுவதுக்கும் வரும். வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டிவிடுங்கள், டெங்கு நுளம்புக்குப் பரல் நல்ல இடம்.

பைன் சாவதைக் கண் உடனே காணாது. வேர் செத்த பிறகும் ஊசி ஒன்றிரண்டு மாதம் பச்சையாகவே நிற்கும். பிறகு பளபளப்பு மங்கிச் சாம்பல் பச்சையாகும், அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே ஊசியைப் பாராமல் மொட்டைப் பாருங்கள். விரலுக்கு உறுதியாக இருந்து மாசி, பங்குனியில் நீளத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது. சுருங்கிப் பொருபொருத்தால் நிழலைக் கூட்டி, நீரைக் குறைத்துப் பொறுத்திருங்கள். மறுபடி பிடுங்கிப் பார்ப்பதுதான் செய்யக்கூடாத ஒன்று.

மற்றப் பாதியை இரண்டு வருடம் கழித்து, அதே மார்கழியில், மரம் நன்றாகக் குருத்து விட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். சோர்ந்திருந்தால் இன்னொரு வருடம் விடுங்கள். இரண்டு வருடத்தில் எந்தப் பக்கம் செய்தோம் என்பது மறந்துபோகும். மேலிருந்து பார்த்தால் இரு பாதியும் ஒன்றுபோலவே இருக்கும். சாடி மாற்றிய அன்றே, மண் எடுத்த பக்கத்து விளிம்பில் பெயின்ரால் ஒரு கோடு போட்டு ஆண்டையும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கன்று வளர்ப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
கிளிநொச்சி.